புனல் வலைக்காரியும் நானும்

எனக்குச் சிலந்தி என்றால் சின்ன வயதிலிருந்தே ஆகாது. பாம்பைக் கண்டால் தடியெடுப்பேன், தேளைக் கண்டால் செருப்பெடுப்பேன். சிலந்தியைக் கண்டால் மட்டும் கதிரைக்கு மேலே ஏறி நின்று வீட்டையே கூப்பிடுவேன். அப்படிப்பட்ட நான் கண்ணிவெடி எடுக்கிற வேலைக்குப் போனேன் என்றால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். வெடிக்குப் பயமில்லையா என்று எல்லாரும் கேட்டார்கள். சிலந்திக்குப் பயமில்லையா என்று ஒருவரும் கேட்கவில்லை. அங்கே போன பிறகுதான் தெரிந்தது, வெடியை எப்போதாவதுதான் காணலாம், சிலந்தியை ஒவ்வொரு நாளும் முகத்துக்கு நேரே காணவேண்டும் என்று.

அக்கராயனில் எங்களுக்குக் கொஞ்ச வயல் உண்டு. என் மனுசனுக்குக் கால் ஏலாது. கடைசிச் சண்டையில் பட்ட காயம், முழங்காலுக்குள் இன்னும் இரும்புத் துண்டு கிடக்கிறது. விதைப்புக்கும் அறுவடைக்கும் ஆள் பிடித்துச் செய்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. மகன் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். வெடி எடுக்கப் பெண்களையும் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் போய்ச் சேர்ந்தேன். மனுசன் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு தானாகவே விடியப்புறம் எழும்பித் தேத்தண்ணி வைத்துத் தரத் தொடங்கினார்.

எங்கள் வேலை முழங்காலில் நிற்கிற வேலை. இரண்டு பக்கமும் தடி நட்டு, கயிறு கட்டி, ஒரு ஆள் அகலத்துக்குப் பாதை பிரித்துத் தருவார்கள். அதை லேன் என்போம். ஒரு லேனுக்குள் ஒருவர்தான். உடம்பில் கனமான மேலங்கி, முகத்தை மூடித் தடித்த கண்ணாடி. முதலில் மெல்லிய கம்பி ஒன்றைப் புல்லுக்குள் விட்டு மெதுவாக உயர்த்திப் பார்க்க வேண்டும். வெடியோடு தொடுத்த கம்பி ஏதும் புல்லுக்குள் இழுபட்டுக் கிடந்தால் தட்டுப்படும். அதற்குப் பிறகு கத்தரியால் புல்லை நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுப்போம். மண் தெரிந்ததும் டிடெக்டரைப் பிடித்து ஆட்டிப் பார்ப்போம். உலோகம் ஏதும் இருந்தால் அது கத்தும். கத்திய இடத்தை மட்டும் பக்கவாட்டில் மெல்லக் கிண்டலாம். கத்தாத மண்ணைத் தொடவே கூடாது. இந்தக் கடைசி விதியை மறக்காதீர்கள். நான் இதனோடுதான் மல்லுக்கட்டினேன்.

வேலைக்குப் போன முதல் மாசியிலேயே நான் எல்லாருக்கும் சிரிப்புக் காட்டினேன். பனி கொட்டிய காலை. புல்லுக்குள் கம்பியை விட்டு உயர்த்துகிறேன், ஏதோ மெல்லியதாக இழுபடுகிறது. குனிந்து பார்த்தால் வெள்ளியாக ஒரு நூல், அதற்குக் குறுக்கே இன்னொன்று.  "கம்பி!" என்று கத்தினேன். விசில் ஊதி எல்லா லேனிலும் வேலையை நிற்பாட்டினார்கள். சூப்பர்வைசர் முழங்காலில் வந்து, என் பக்கத்தில் படுத்து, வெகுநேரம் பார்த்தார். பிறகு வாயைக் குவித்துப் பூவென்று ஊதினார். வலை ஆடியது. உள்ளே இருந்து ஒரு சிலந்தி ஓடிவந்து வாசலில் நின்று எங்களைப் பார்த்தது. நான் போட்ட இரண்டாவது கத்தல் முதல் கத்தலை விடப் பெரியது.

பக்கத்து லேனில் நின்றவள் தர்மபுரத்துப் பிள்ளை. அவளுடைய தாயும் தகப்பனும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, காடு வெட்டிக் குடியேறியவர்கள். வாய் என்றால் வாய். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ அக்கா, அவா வீட்டுக்காரி. சொல்லாமல் கொள்ளாமல் படலையில போய் ஆட்டினால் ஆரெண்டு எட்டிப் பாக்கத்தானே செய்வா?"

சூப்பர்வைசர் வன்னிக்காரர், பிள்ளை குட்டி உள்ள மனுசன். அவர் சிரிக்கவில்லை. "நூலைக் கம்பி எண்டு நினைச்சு நிண்டது சரியான வேலை, தங்கச்சி. கம்பியை நூல் எண்டு நினைச்சுக் கையை வைச்சால்தான் கதை முடிஞ்சுது" என்றார். அதற்குப் பிறகு யாரும் என்னைப் பகிடி பண்ணவில்லை, அவளைத் தவிர.

அன்றிலிருந்து அந்தச் சிலந்தியைப் பார்க்காமல் எனக்கு வேலை நடக்கவில்லை. பயப்படுகிற சாமானைத்தானே கண் தேடிக்கொண்டிருக்கும். அதற்கு எங்கள் பக்கத்தில் தனிப்பெயர் கிடையாது. வீட்டு மூலையில் தொங்குகிற சிலந்தி மாதிரி இல்லை இது. புல்லுக்கு மேலே மெல்லிய துணி விரித்ததுபோல் வலையைத் தட்டையாக விரித்து வைத்திருக்கும். ஒரு பக்கத்தில் அந்தத் துணி ஒடுங்கி, மண்ணெண்ணெய் ஊற்றுகிற புனல் மாதிரிக் குழாயாகிப் புல் அடிக்குள் இறங்கும். வெயில் ஏறினால் இருந்த இடம் தெரியாது. பனிக் காலையில் மட்டும் காணி முழுக்க வெள்ளை வெள்ளையாய், யாரோ உடுப்புத் தோய்த்துக் காயப்போட்ட மாதிரித் தெரியும்.

அது குழாயின் வாசலில்தான் இருக்கும். உடம்பு பெருவிரல் நகத்தளவு, மண் நிறம். தலையிலிருந்து முதுகு வழியே வெளிறிய கோடுகள். காலெல்லாம் கறுப்பும் கபிலமுமாய் வளையம். பின்பக்கத்தில் இரண்டு சின்ன வால் மாதிரி நீண்டிருக்கும், நூல் அதிலிருந்துதான் வருகிறது. முன்னங்காலை வலையின் மேல் வைத்தபடி அசையாமல் கிடக்கும். வலையில் பசை இல்லை. வெட்டுக்கிளி ஏதும் விழுந்தால் கால் மாட்டித் தடுமாறும், அவ்வளவுதான். அந்தத் தடுமாற்றம் காலில் தட்டுப்பட்டதோ இல்லையோ, எப்படி வந்தாள் என்று தெரியாது, வந்து கடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். பெரிய ஆட்டம் ஆடினால், எங்கள் கத்தரி பட்டால், வெளியே வரவே மாட்டாள். குழாயின் மறுபக்கத்தால் நழுவிவிடுவாள். எது இரை, எது ஆபத்து என்று காலிலேயே அவளுக்குத் தெரிந்தது.

பாருங்கள், அது என்று தொடங்கி அவள் என்று வந்துவிட்டேன். அந்தப் பிள்ளையின் வேலை. வீட்டுக்காரி, வீட்டுக்காரி என்று சொல்லிச் சொல்லி என் வாயிலும் ஏற்றிவிட்டாள். "அவாவும் எங்கட வேலைதானக்கா செய்யிறா. கம்பியில கையை வைச்சுக்கொண்டு காத்திருக்கிறா" என்பாள். பயம் ஒரேயடியாகப் போகவில்லை. ஆனால் கத்துவதை விட்டுவிட்டேன்.

போன வருசம் மாரி முடிந்த கையோடு எங்களைப் புதிய காணிக்கு மாற்றினார்கள். தர்மபுரம் தாண்டி, உள்ளுக்குள்ளே, ஒரு சின்னக் குளத்துக்குப் பின்னால். வாகனம் குளக்கட்டில் ஏறி இறங்கியபோதே எனக்கு இடம் பிடிபட்டுவிட்டது. மதகடியில் உடைந்த சீமெந்துக் கட்டு ஒன்று உண்டு. அதில் குந்தியிருந்து நான் தண்ணீர் அள்ளியிருக்கிறேன். அந்தக் காணியில்தான் என் மகளைப் புதைத்தோம்.

கடைசிச் சண்டைக்குப் பயந்து அக்கராயனிலிருந்து எழும்பி, இடம் இடமாய்ப் போய், கடைசியில் அந்தக் காணிக்குள் வந்து தறப்பாள் கட்டியிருந்த காலம் அது. யாருடைய காணி என்று யாரும் கேட்கவில்லை, கால் வைக்க இடம் கிடைத்தால் போதும். பதுங்க வெட்டிய பங்கர்க் குழிக்குள் முழங்காலளவு மழைத்தண்ணீர். பிள்ளைக்கு அப்போதுதான் பல் முளைத்துக்கொண்டிருந்தது. பிடித்து நிற்கத் தெரியும், நடக்கத் தெரியாது. காய்ச்சல் வந்தது, வயிற்றாலே போனது. மருந்தெடுக்கப் போன இடத்திலும் மருந்தில்லை. ஒரு விடியற்காலை என் மடியிலேயே அடங்கிவிட்டாள். அன்றைக்கே செல் குண்டு கிட்டக் கிட்ட விழத் தொடங்கியது. சனம் அள்ளுப்பட்டு ஓடத் தொடங்கிவிட்டது.

இரட்டைப் பாலை ஒன்று நின்றது, ஒரு அடியில் இரண்டு மரம். அதற்கருகில் என் மனுசன் கையாலும் தேங்காய்ச் சிரட்டையாலும் மண்ணைக் கிண்டினார். என்னுடைய சீலைத் துண்டில் சுற்றினோம். எங்களில் செத்தவர்களின் உடம்பில் நகைநட்டு விடுவதில்லை, கழற்றித்தான் விடுவார்கள். பிள்ளைக்குக் கழுத்தில் போட்ட பஞ்சாயுதச் சங்கிலி அரிசிக்காக முதலே போய்விட்டது. இடுப்பில் கறுப்புக் கயிறும், அதில் வெள்ளித் தாயத்தும்தான் மிச்சம். வற்றாப்பளை அம்மன் கோயிலில் திருநீறு வாங்கி உள்ளே வைத்து அடைத்த தாயத்து. "அதைக் கழட்டாதேங்கோ, அம்மாளின்ரை, அது பிள்ளையோட போகட்டும்" என்று சொன்னது நினைவிருக்கிறது. அதன் பிறகு எனக்குத் தலை சுற்றிவிட்டது. மண் போட்டதை நான் பார்க்கவில்லை.

இப்போது உங்களுக்கு விளங்கும், அந்தக் காணியில் முழங்காலில் நின்றபோது என் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று. டிடெக்டருக்குப் பிள்ளை தெரியாது, எலும்பு தெரியாது. வெள்ளி தெரியும். அந்தத் தாயத்து கத்தினால் நான் விதிப்படி கிண்டலாம். எலும்பு கண்டால் வேலையை நிற்பாட்டிப் பொலிசுக்கு அறிவிப்பார்கள், அதற்குரிய ஆட்கள் வருவார்கள், பிறகு என் பிள்ளையை எனக்குத் தருவார்கள். அக்கராயனில் எங்கள் வளவில் ஒரு மூலையில் வைப்பேன். விளக்கு வைப்பேன். அவ்வளவுதான் நான் கேட்டது. வற்றாப்பளை அம்மாளுக்குப் பொங்குவதாக நேர்த்தியும் வைத்தேன்.

சூப்பர்வைசருக்குச் சொல்லவில்லை. சொன்னால் மனம் குழம்பிய ஆளை வெடிக்குள் விட மாட்டார், வேறு காணிக்கு அனுப்பிவிடுவார். தர்மபுரத்துப் பிள்ளைக்கு மட்டும் சொன்னேன், பார்சல் சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு. அவள் வாய்க்குக் கொண்டுபோன புட்டை அப்படியே திருப்பி வைத்தாள்.  மரங்கள் எல்லாம் எரிந்தும் தறிபட்டும் போயிருந்தன. அவளுக்குப் பிரித்த பக்கத்தில்தான் கருகிய அடிக்கட்டை ஒன்று இரண்டாகப் பிரிந்து நின்றது. மறுநாள் அவள் சூப்பர்வைசரிடம் போய், கட்டை குட்டி இருக்கிற லேனில் தனக்கு முழங்கால் நோகுது, அக்காவோடு மாற்றித் தாங்கோ என்று நொண்டிக் காட்டினாள். அவர் அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். சரி என்றார்.

அந்த மண் கத்தியது போல வேறெந்த மண்ணும் கத்தவில்லை. சனம் இருந்த இடம் அல்லவா.  ஒவ்வொரு தடவை கத்தும்போதும் தாயத்துத்தான் என்று நினைத்து மெல்லக் கிண்டுவேன். துவக்குச் சன்னக் கோது வரும். சோடா மூடி வரும். யாரோ ஒரு பிள்ளையின் சப்பாத்துக் கொக்கி, கறள்பிடித்த கரண்டி, பால்மா ரின் மூடி, பாவாடைக்குப் போடுகிற ஊக்கு. ஒருநாள் சின்னதாய் வெள்ளை நிறத்தில் ஏதோ பளிச்சென்றது. "அம்மாளாச்சி" என்று வாய்விட்டே கூப்பிட்டுவிட்டேன். மருந்துக் குளிசை அட்டையின் ஈயத்தாள் அது. ஒவ்வொரு சாமானும் யாரோ ஒருத்தருடையது, எனக்கு அது தெரியாமலில்லை. ஆனாலும் அந்த ஈயத்தாளை நான் திட்டிய திட்டுக்குக் கணக்கில்லை.

வெடியும் எடுத்தேன். அடிக்கட்டைக்கு வடக்குப் பக்கத்தில் ஒன்று, எங்களுக்குப் பிறகு யாரோ வைத்தது. எங்கள் பிள்ளை கிடக்கிற மண்ணுக்குள் கொண்டுவந்து இதை வைத்தார்களே, பாவிகள், என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாய் வந்தது.

வீட்டுக்குப் போனால் வேறு கதை இல்லை. இன்றைக்கு இந்த இடத்தில் கத்தியது, இது வந்தது, நாளைக்கு அடிக்கட்டைக்குக் கிழக்கே போவேன், என்று சமைக்கும்போதும் குசினிக்குள்ளிருந்தே சொல்லிக்கொண்டிருப்பேன். மனுசன் ஓமென்றும் சொல்ல மாட்டார், இல்லையென்றும் சொல்ல மாட்டார். அவருக்கும் தாங்க முடியாமல்தான் வாய் மூடியிருக்கிறார் என்று நினைத்தேன். ஒருநாள் பின்னேரம் முற்றத்தில் சுளகை வைத்துக்கொண்டு விதைக்கிறதுக்குக் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் குந்தி உடைத்தபடி அந்த ஈயத்தாள் கதையைச் சொன்னேன். அவருடைய கை நின்றுவிட்டது.

"இஞ்சாரும்," என்றார். "அந்தத் தாயத்தைத் தேடாதையும்."

"ஏன்?"

"அது அதில இல்லை."

எனக்கு விளங்கவில்லை. இடம் பிழை என்று சொல்கிறாராக்கும் என்று நினைத்து, இரட்டைப் பாலை, அடிக்கட்டை என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி என்னை நிற்பாட்டினார்.

"இடம் சரி. நீர் மயங்கிப்போனீர். நான்தான் மண் போட்டனான். போட முதல் கழட்டிப்போட்டன். பெடியன் பசியில கத்திக்கொண்டு நிண்டவன். அதைக் குடுத்துத்தான் அண்டைக்குப் பால்மா வாங்கினனான். ஆரோ தந்தது எண்டு உமக்குச் சொன்னனான்."

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? வெறும் கயிறோட பிள்ளையை விட்டனான் எண்டோ?"

நான் சுளகை ஓங்கித் தட்டினேன். விதைக் கச்சான் முற்றம் முழுக்கப் பறந்தது. என்னென்னவோ கத்தினேன். எல்லாம் நினைவில்லை. அம்மாளின் சாமானை வித்துத் தின்ற வீடு என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. அந்தப் பால்மாவை மூத்தவனுக்குக் கரைத்துப் பருக்கியவள் நான்தானே. இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அவன் குடித்தது கண்ணுக்குள் வந்தது. இன்றைக்கு அவன் கொழும்பில் வேலை செய்கிறான், மீசை வைத்திருக்கிறான், ஞாயிறில் போன் எடுத்து அம்மா சாப்பிட்டாச்சோ என்று கேட்கிறான். அதோடு என் வாய் அடங்கிவிட்டது. மனுசன் ஏலாத காலை நீட்டி நிலத்தில் இருந்து ஒவ்வொரு கச்சானாய்ப் பொறுக்கத் தொடங்கினார். பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. நானும் இருந்து பொறுக்கினேன்.

மறுநாளும் வேலைக்குப் போனேன். போகாமல் என்ன செய்கிறது. கையில் டிடெக்டர். முன்னால் என் பிள்ளை கிடக்கிற மண். அது கத்தப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். இந்தப் பக்கம் ஆட்டினேன், அந்தப் பக்கம் ஆட்டினேன். கத்தவில்லை. இந்த இடத்தில்தான் இருக்கிறாளோ? பார்த்து முடித்த எல்லைக்குக் குறுக்கே வைக்கிற தடியை ஒரு அடி முன்னுக்கு நகர்த்தி வைத்தேன். இல்லை, இந்த இடத்திலோ? கத்தாத மண்ணைத் தொடக் கூடாது. என் பத்து விரலும் அந்த மண்ணைக் கிண்டத் துடித்தது. கண்ட இடமெல்லாம் கிண்டத் தொடங்கினால் விசில் ஊதுவார்கள், வெளியே இழுப்பார்கள், அதற்குப் பிறகு அந்தக் காணிக்குள் நான் கால் வைக்க முடியாது. பேசாமல் அடுத்த புல்லுக்குப் போனேன்.

அந்தப் புல்லில்தான் அவள் இருந்தாள். அடிக்கட்டையின் வேருக்குள் குழாயை இறக்கி, அதற்கு முன்னால் வலையை விரித்திருந்தாள். நான் கத்தரி வைத்ததும் வலை சரிந்தது. வழக்கமாக இவர்கள் மறுபக்கத்தால் ஓடிவிடுவார்கள். இவள் ஓடினாள், ஆனால் பாரத்தோடு. பின்பக்கத்தில் வெள்ளையாய், உளுந்தளவு முட்டைப் பொதி ஒன்றை ஒட்டிக்கொண்டு இழுத்துப் போனாள். என் கத்தரி நுனி தெரியாமல் அதில் பட்டுவிட்டது. பொதி கழன்று வெட்டிய புல்லுக்குள் விழுந்தது.

இனி ஓடித் தப்புவாள் என்று பார்த்தேன். ஓடவில்லை. திரும்பி வந்தாள். வெறும் மண்ணில், ஒளிக்க ஒரு புல் இல்லாத இடத்தில், முன்னங்காலை நீட்டி நீட்டித் தொட்டுத் தேடினாள். இந்தப் பக்கம் தொட்டாள், அந்தப் பக்கம் தொட்டாள், ஒரு அடி முன்னுக்குப் போனாள், திரும்பி வந்தாள். கண் எத்தனையோ இருக்கிறதாம் அவளுக்கு. என்ன பிரயோசனம், பொதி புல்லுக்குக் கீழே கிடக்கிறது. ஐயோ, அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. சிலந்தியென்றால் கதிரையில் ஏறுகிற நான், அந்தப் புல்லை விரலால் விலக்கி, பொதியை ஒரு புல் ஈர்க்கால் ஏந்தி எடுத்து அவளுடைய காலடியில் வைத்தேன். கால் பட்டதும் அப்படியே கட்டிப்பிடித்தாள். தடவிப் பார்த்தாள். பிறகு திரும்பி நின்று அதைப் பின்னால் ஒட்டிக்கொண்டு, வேருக்குள் போய்விட்டாள்.

"உனக்குக் கிடைச்சிட்டுது. போடி. போ" என்றேன். அதோடு அழுகை வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. முகக் கண்ணாடியை லேனுக்குள் கழற்றக் கூடாது. உள்ளே கண்ணீர், மூக்குச்சளி, மூச்சு எல்லாம் சேர்ந்து கண்ணாடி வெளுத்துப்போய் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு மண்ணில் நெற்றி முட்டக் குனிந்திருந்து அழுதேன். தர்மபுரத்துப் பிள்ளைதான் கண்டு விசில் ஊதச் சொல்லியிருக்கிறாள். வெளியே கூட்டி வந்து கண்ணாடியைக் கழற்றித் தன்னுடைய சட்டைக் கையால் என் முகத்தைத் துடைத்தாள். என்னக்கா என்றாள். தாயத்து இல்லையாமடி என்றேன். அவள் என்னோடு இருந்து தானும் அழுதாள்.

அந்த லேனை நான் முடித்தேன். வேறு யாருக்கும் விட மனம் வரவில்லை. அடிக்கட்டையைச் சுற்றி வெட்டியபோது வேரடியில் கொஞ்சப் புல்லை முடிந்தவரை கடைசிக்கு வைத்திருந்தேன். அதை வெட்டப் போன நேரம் அவள் முதுகு முழுக்கக் குஞ்சு. முதுகா குஞ்சா என்று தெரியாதபடி, ஒன்றன்மேல் ஒன்றாய், தாயின் மயிரைப் பிடித்துக்கொண்டு ஏறி இருந்தன. சுமந்துகொண்டு எல்லைத் தடியைத் தாண்டிப் பற்றைக்குள் போனாள். போகும் வரைக்கும் வேலையை நிற்பாட்டி வைத்திருந்தேன்.

லேன் முடிந்தால் சூப்பர்வைசர் வந்து கேட்பது வழக்கம். அவரும் வந்து கேட்டார்.

"முடிஞ்சுதோ, தங்கச்சி? ஏதும் மிச்சம் இருக்கோ?"

இருக்கு ஐயா, என்ர பிள்ளை இருக்கிறாள், என்று தொண்டை வரைக்கும் வந்தது. தோண்டுவதற்கு ஒரு சத்தம் இல்லை, காட்டுவதற்கு ஒரு இடம் இல்லை. "ஒண்டும் இல்லை" என்றேன். அவர் உடனே போகவில்லை. முகக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அடிக்கட்டையைப் பார்த்தபடி கொஞ்சநேரம் நின்றார். அவருக்கு ஏதும் தெரிந்திருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சித்திரை கழிந்து காணியைக் கையளித்தார்கள். காணிக்காரர்களும் கிராமத்துச் சனமும் வந்தார்கள். கையளிக்கிற அன்று நாங்கள் செய்கிற ஒரு முறை உண்டு. வெடி எடுத்த நாங்களே மேலங்கி, கண்ணாடி ஒன்றும் இல்லாமல் வரிசையாக நின்று, காணியின் ஒரு எல்லையிலிருந்து மற்ற எல்லை வரைக்கும் நடந்து காட்ட வேண்டும். சும்மா சொன்னால் சனம் நம்பாது. எங்கள் கால் பட்டால்தான் தாங்கள் கால் வைப்பார்கள். எத்தனையோ காணியில் நான் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்து காட்டியிருக்கிறேன்.

அன்றைக்கு விசில் ஊதியதும் எல்லாரும் நடந்தார்கள். என் கால் எழும்பவில்லை. எங்கே வைக்கிறது? எந்த அடியில் அவள் கிடக்கிறாள்? தர்மபுரத்துப் பிள்ளை திரும்பிப் பார்த்துவிட்டு வந்து என் கையைப் பிடித்தாள். நான் குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன். கோயில் வீதியில் நடப்பதுபோல வெறுங்காலோடு, மெல்ல மெல்ல வைத்து நடந்தேன். வெயிலில் மண் சுட்டது. சனம் கை தட்டியது. வெறுங்காலோடு நடக்கிறா, அவ்வளவு நம்பிக்கை, என்று யாரோ பின்னால் சொன்னது கேட்டது.

அடிக்கட்டையருகே காணிக்காரரின் மருமகள் நின்றாள். இடுப்பில் ஒரு பெண்பிள்ளை, இப்போதுதான் நடை பழகுகிற பருவம், இறங்க வேண்டுமென்று காலை உதைத்து அழுதுகொண்டிருந்தது. அவளுக்கு எங்களைப் பற்றி என்ன தெரியும். என்னைக் கண்டதும் கூச்சத்தோடு கேட்டாள்.

"அக்கா, பிள்ளையை இறக்கி விடலாமோ? இதில ஒண்டும் இல்லைத்தானே?"

நான் அந்தப் பிள்ளையின் காலைப் பார்த்தேன். கொலுசு போட்டிருந்தது.

"இறக்கி விடுங்கோ," என்றேன். "ஒண்டும் இல்லை."